‘கலைமான் வினாதல்’: வேட்டுவர் ஒழுகலாறு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

கோவை நூல்களைப் பாடஞ் சொல்லும்போது ‘கலைமான் வினாதல்’ என்னுந் துறையை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்து விடுகின்றோம். தினைப்புனம் காக்கும் தலைவியையும் தோழியையும் தலைவன் அணுகி, ‘அம்பு பட்ட கலைமான் ஒன்று இவ்வழி வந்ததோ’ என வினவுவான். அவன் உள்ளத்தில் மான் இல்லை, தலைவியே உள்ளாள். ஆதலின் இது பேச்சைத் தொடங்குதற்குரிய ஒரு போலிக் காரணம் என்று சொல்லி அடுத்த துறைக்குச் செல்கின்றோம். திருக்கோவையாரில் மதியுடம்படுத்தல் என்னும் பகுதியில் ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’, ‘வழி வினாதல்’, ‘பதி வினாதல்’, ‘பெயர் வினாதல்’ என இத்துறைகள் வரிசைப்பட நிற்றலும் அவ்விளக்கத்திற்குத் துணை செய்கின்றது.

முதுகலை வகுப்பில் மாணவர் ஒருவர் ஒருமுறை எழுப்பிய ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். ‘பொய் சொல்ல வந்தவன் வேறு எதனையும் கேட்டிருக்கலாமே, மானை ஏன் கேட்டான்?’ என்பது அவர் வினா. இவ்வினா எளியதன்று. பொய்க் காரணம் ஒன்று பயன்பட வேண்டுமாயின், கேட்போர் அதனை நம்புதல் வேண்டும். நம்புதற்கு, அத்தகைய வினவுதல் அந்நிலத்தில் நாள்தோறும் நிகழ்வதாக இருத்தல் வேண்டும். எனவே, தலைவனின் போலி வினாவுக்குப் பின்னால் வேட்டுவரின் மெய்யான ஒழுகலாறு ஒன்று நின்றிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. ஒருவருக்கே உரியதல்லாத காட்டிலும் மேட்டிலும் பலர் வேட்டையாடும்போது ஒருவரோடொருவர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை இலக்கியச் சான்று கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கெடுதி வினாதல்

ஊரும் பேரும் கெடுதியும் வினவித் தலைவன் தோழியைக் குறையுறுதலைத் தொல்காப்பியர் களவியலிற் குறிப்பிடுகின்றார். ‘கெடுதி’ என்னுஞ் சொல் இன்று தீங்கு என்னும் பொருளில் வழங்குகின்றது. பண்டு அது கைவிட்டுப் போன பொருளைக் குறித்தது. கைவிட்டுப் போன பொருளெனின், முன்னர்க் கையகத்தே இருந்த பொருள் என்பது போதரும். அம்பு தைத்து ஓடிய விலங்கைக் ‘கெடுதி’ எனச் சுட்டும்போதே, அது தனக்குரியது என்னும் உரிமையை வேட்டுவன் நிலைநாட்டி விடுகின்றான். காட்டில் திரியும் மான் எவருக்கும் உரியதன்று. அம்பு பட்ட மான் எய்தவனுக்கு உரியது. ஒரு சொல்லில் இவ்வளவு வழக்கு அடங்கியுள்ளது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு இதனை விரிவாகக் காட்டுகின்றது. தலைவன் வில்லேந்தி வருகின்றான்; உடன்வந்த வேட்டை நாய்கள் மகளிரைச் சூழ, அவர்கள் அஞ்சி இடம் பெயர்கின்றனர். அவன் அணுகி, இன்சொற் கூறி, தான் துரத்திய விலங்குகள் தப்பியமை சொல்லி வினவுகின்றான். மகளிர் வாய் திறந்திலர். பின்னர், ஆரவாரிக்கும் நாய்களின் குரலை அடக்கி, அவர்தம் மறுமொழியை எதிர்நோக்கி நிற்கின்றான். இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, தொடர்ந்து வந்தவன் பிறர் காக்கும் புனத்தினுள் கேளாமல் இறங்கவில்லை. இரண்டு, தன் நாய்களால் பிறர்க்கு நேர்ந்த அச்சத்தைத் தானே நீக்கினான். மூன்று, விடை வரும்வரை நின்றான். காதலைக் களைந்துவிட்டு நோக்கினும் இம்மூன்றும் ஒரு நல்ல வேட்டுவன் செயல்களாகவே எஞ்சுகின்றன.

புனம் என்பது காட்டைத் திருத்தி விதைத்த நிலம். அதனைச் சூழ்ந்த காடு பொது, புனமோ உழைத்தவர்க்குரியது. அம்பு பட்ட விலங்கு இவ்வெல்லைகளை அறியாது. பொதுவிலிருந்து உரிமை நிலத்துட் புகுந்து விடும். அவ்விடத்தில் இரண்டு உரிமைகள் எதிர்ப்படுகின்றன: விலங்கின்மேல் எய்தவன் உரிமை ஒன்று, நிலத்தின்மேல் காப்பவர் உரிமை மற்றொன்று. முதலதைக் கொண்டு இரண்டாவதை மீறலாகாது. ஆதலின் வினவுதல் இன்றியமையாததாயிற்று. வினவுதலே இவ்விரு உரிமைகளையும் பொருந்தச் செய்யும் வழி என்க.

முதல் அம்பின் உரிமை

எய்தவனுக்கே விலங்கு என்னும் வழக்கு தமிழகத்தில் மட்டும் நிலவியதன்று. மனுநூல் ஒன்பதாம் இயலில், பிறிதொரு பொருளை விளக்கப் புகுந்தவிடத்து, நிலம் காடழித்துத் திருத்தியவனுக்கு உரியது என்றும், மான் அம்பு தைத்தவனுக்கு உரியது என்றும் உவமையாகக் கூறப்பட்டுள்ளது. முன்னரே ஒருவன் எய்து புண்படுத்திய விலங்கின்மேல் பின்வந்தவன் விடும் அம்பு வீணே என்பதும் அவ்விடத்தே காணப்படும். விளக்க வேண்டிய ஒன்றைத் தெளிவிக்க உவமை கூறுங்கால், எல்லாரும் ஐயமின்றி அறிந்ததனையே கூறுவர். ஆகவே முதல் அம்பின் உரிமை அக்காலத்தார் நன்கறிந்த வழக்காதல் தெளிவு. நிலமும் மானும் அங்கே அருகருகே வைக்கப்பட்டமையும் நோக்கத்தக்கது. குறிஞ்சிப் புனத்தின் எல்லையில் எதிர்ப்படும் இரு உரிமைகளும் அவையே.

இவ்வழக்குப் பிறழ்ந்தால் விளைவது பூசல். பாரதத்தின் வனபருவத்தில் வரும் வேடன் கதை இதனை மையமாகக் கொண்டதே. தவஞ்செய்த அருச்சுனனைக் கொல்லப் பன்றி வடிவில் வந்த அசுரன்மேல் அருச்சுனனும் வேட வடிவிற் போந்த சிவபெருமானும் ஒருங்கே அம்பு விடுகின்றனர். நான் குறித்த விலங்கின்மேல் நீ எய்தது வேட்டை அறமன்று என்கின்றான் அருச்சுனன். முதலிற் குறி வைத்தவன் நானே என்கின்றான் வேடன். பாசுபதம் பெறுதல் என்னும் பெருநிகழ்ச்சி, ஓர் இறந்த பன்றி யாருக்குரியது என்னும் வழக்கிலிருந்து தொடங்குகின்றது. ‘அருச்சுனன் தபசு’ எனத் தெருக்கூத்தாகவும் நடிக்கப்பெறும் இக்கதையில், அவ்வழக்கின் நுட்பத்தை நாட்டுப்புறத்து மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மேலை நாட்டுச் சட்ட நூலாரும் இதே வினாவை எழுப்பியுள்ளனர். உரோமச் சட்ட அறிஞருள் திரெபாத்தியசு என்பார், புண்பட்ட விலங்கு, எய்தவன் அதனைத் தொடர்ந்து செல்லுங்காறும் அவனுக்கே உரியது என்றார். ஏனையோர், பிடித்த பின்னரே உரிமை பிறக்கும் என்றனர். கி.பி. 533இல் வெளியான சசுத்தினியன் சட்டத் தொகுப்பு பின்னவர் கொள்கையை மேற்கொண்டது. 1805இல் நியூயார்க்கில் இவ்வினா மீண்டும் வழக்கு மன்றத்திற்கு வந்தது. உரிமையாளர் இல்லாத வெற்றுநிலத்தில் போசுட்டு என்பவர் நாய்களோடு துரத்திய நரியைப் பியர்சன் என்பவர் இடைப்புகுந்து கொன்று எடுத்துச் சென்றார். துரத்துதல் மட்டும் உரிமை தராது என மன்றம் தீர்ப்பளித்தது. உயிர்போகும் புண்ணை உண்டாக்கி விடாது தொடர்ந்திருப்பின் நிலை வேறு என்பதனையும் அது ஒப்புக்கொண்டது. மாறுபட்ட கருத்துரைத்த நீதிபதி இலிவிங்சுடன், இத்தகைய பூசலை வேட்டைக்காரர்களே தம் வழக்கப்படித் தீர்த்துக்கொள்ள விட்டிருக்கலாம் என்றார்.

இவற்றோடு ஒப்பிடுங்கால் நம் துறையின் அமைப்பு விளங்கும். தலைவன் ஒரு மானைக் கண்டதாகவோ துரத்தியதாகவோ மட்டும் சொல்லின் அவன் வினா வலுவுடையதாகாது. அம்பினாற் புண்பட்ட மான் என்கின்றான். அதனைத் தொடர்ந்து வந்திருத்தலையும் தன் வருகையாலேயே காட்டுகின்றான். புண்ணும் தொடர்ச்சியும் ஒருங்கே இருத்தலால் உரிமை உறுதிப்படுகின்றது. கோவைப் புலவர் துறை வகுத்தவிடத்தும் வழக்கின் கூறுகள் சிதையாமல் நிற்றல் காண்க.

கொல்லாது விடுதல்

பலர் நுகரும் காட்டில் ஒருவர் பிறர்க்குச் செய்யும் கடமை வினவுதலோடு முடிவதில்லை. இன்று ஒருவன் கருவுற்ற பிணையைக் கொன்றால், நாளை வருவோர் அனைவர்க்கும் இழப்பு. சேக்கிழார் கண்ணப்ப நாயனார் புராணத்தில் திண்ணனாரின் முதல் வேட்டையைப் பாடுகையில், அக்கொடுந்தொழில் மறவர் யானைக் கன்றுகளைத் தொடரார், விலங்குகளின் சிறு குருளைகளைக் கொல்லார், கருவுற்றுத் தளர்நடையிடும் பிணைகளை வருத்தார் எனத் தெளிவுற மொழிகின்றார். கொலைத் தொழிலின் கடுமையைச் சொல்லும் பகுதியிலேயே இவ்விலக்குகளை அவர் அமைத்தமை வியப்பன்று. வேட்டையில் இவை அடங்கியனவாகவே அவர் கருதினார் எனலாம். வேட்டை தவறியதால் விலங்குகள் பெருகிப் புனங்களை அழிக்கின்றன என்று வேட்டுவர் நாகனிடம் முறையிட்டமையும் அப்புராணத்துள் வருகின்றது. வேட்டையின் தேவையையும் அதன் வரம்பையும் ஒரே நூல் ஒருங்கே கூறுகின்றது.

விலக்கைக் கைக்கொள்ள வேண்டுமாயின் ஆணும் பெண்ணும் குட்டியும் தொலைவிலேயே பிரித்தறியப்படல் வேண்டும். தொல்காப்பிய மரபியலில் புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை எனவும், உழையின் ஆணுக்குக் கலை எனவும், புல்வாய், நவ்வி, உழை, கவரி ஆகியவற்றின் பெண்ணுக்குப் பிணை எனவும், இளமைக்கு மறி எனவும் பெயர்கள் வகுக்கப்பட்டுள்ளன. இவை இலக்கணத்தார் புனைந்த சொற்களல்ல. காட்டிற் பயின்றோர் தேவை கருதி வழங்கியவை. இனி, நம் துறையின் பெயரை மீண்டும் நோக்குவோம். அது ‘மான் வினாதல்’ என்றில்லை. ‘கலைமான் வினாதல்’ என்றே உள்ளது. பிணையை எய்துவிட்டு வந்து வினவுதல் தலைவனுக்குப் பெருமை தாராது என்பதும் இப்பெயரமைதிக்கு ஒரு காரணமாகலாம்.

புறநானூற்றின் 320ஆம் பாட்டு இவ்வுணர்வின் நுண்மையான வெளிப்பாடு. வேட்டுவன் களைத்து உறங்குகின்றான். பழக்கி வைத்த பார்வைப் பிணையோடு காட்டுக் கலை ஒன்று வந்து விளையாடுகின்றது. வேட்டுவன் மனைவி அதனைக் காண்கின்றாள். கணவன் எழுந்து விடுவானோ என்றும், கலை பிணையை விட்டு நீங்கி விடுமோ என்றும் அஞ்சி, வீட்டினுள் அசையாதிருக்கின்றாள். அதனால் மான்தோலில் உலர வைத்த தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்து உண்கின்றன. பார்வைமானை வைத்திருப்பதே காட்டு மானைப் பிடித்தற்காக. பிடிபடும் வேளை வந்தபோதோ அவள் அதனைத் தடுக்கின்றாள். இதற்காக அவள் இழந்தது தன் உணவு.

மதுரையைச் சார்ந்த மற்றொரு கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. திருவிளையாடற் புராணத்துள், பாண்டியன் வேட்டையில் தாயும் தந்தையும் இறக்கத் தனித்து வாடிய பன்னிரண்டு பன்றிக் குட்டிகளுக்கு இறைவன் தாய்ப்பன்றியாகிப் பாலூட்டினான் எனப் பரஞ்சோதி முனிவர் பாடுகின்றார். வேட்டையால் தாயற்றுப் போன குட்டிகளை எண்ணி நாட்டு மக்கள் கொண்ட உறுத்தலே இக்கதைக்கு உயிர் தந்தது எனின் பிழையாகாது.

கூறு செய்தல்

மூன்றாவது ஒழுகலாறு பங்கிடுதல். புறநானூற்றின் 325ஆம் பாட்டில், முளவுமாவைக் கொன்று வந்த, சொன்ன சொல் வழுவாத ஆடவர், உடும்பின் தசையைச் சிறு குடிலின் முன்றிலில் வைத்துக் கூறு செய்கின்றனர். மறைவில் அன்று, பலர் காணும் முன்றிலில் என்பதை நினைவிற் கொள்க. பங்கு நேர்மையானது என்பதற்குப் பலர் காணுதலே சான்று. சொல் வழுவாமை என்னும் பண்பை அவ்விடத்தே புலவர் இணைத்ததும் பொருளுடைத்து.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் வேட்டை தனியொருவன் செயலன்று. நீருண்ண வரும் பன்றியை நள்ளிரவிற் குழியில் மறைந்து எதிர்நோக்குவர். அது வாயாதாயின், பகலில் நாய்களோடு புதர்களை அலைத்துத் தொடர்வலைகளை மாட்டி, முயல்கள் தப்பாதவாறு வளைத்துப் பிடித்துக் கூடி உண்பர். வலை மாட்டியவர், புதர் அலைத்தவர், நாய் விட்டவர் எனப் பலர் கூடிய வேட்டையில் எய்தவன் யார் என்னும் வினாவிற்கே இடமில்லை. ஆகவே அங்கே முதல் அம்பின் உரிமைக்குப் பதிலாகக் கூட்டுண்ணுதல் வழக்காயிற்று. தனி வேட்டைக்கு ஒரு நெறியும் கூட்டு வேட்டைக்கு வேறொரு நெறியும் இருந்தன என நாம் துணியலாம்.

பங்கு வேட்டுவர் வட்டத்தோடும் நிற்கவில்லை. வேட்டுவன் வட்டியிற் கொணர்ந்த மான்தசைக்கு உழவர் நெல் தருதலைப் புறநானூறு 33 கூறும். கண்டீரக் கோப்பெருநள்ளி, வழியிற் கண்ட பசித்த வன்பரணர்க்குத் தன் வேட்டைத் துணைவர் வருமுன்னரே தசையைத் தானே சுட்டு அளித்து, பெயரும் நாடும் கூறாது சென்றதை 150ஆம் பாட்டுக் கூறும்.

ஒரு தடை

இவையெல்லாம் பாட்டுகளேயன்றி வழக்குப் பதிவுகள் அல்லவே எனத் தடை நிகழ்த்தலாம். அத்தடையில் உண்மை உண்டு. குறிஞ்சிப்பாட்டும் பெரிய புராணமும் ஒரு காலத்தன அல்ல. மனுநூலும் பாரதமும் இந்நிலத்தன அல்ல. எல்லா வேட்டுவரும் எஞ்ஞான்றும் இவ்வாறே நடந்தனர் என்று நாமும் சொல்லவில்லை. சிலப்பதிகார வேட்டுவ வரியிற் காணும் எயினர், கொற்றவை கோலங்கொண்ட குமரியை முறுக்குண்ட கொம்புடைய கலைமான்மேல் ஏற்றி வழிபட்டனர். அவர்களே ஆநிரை கவர்ந்தவர்களும் ஆவர். நெறியும் மீறலும் ஒரே மக்களிடத்து உடனிருத்தல் இயல்பு. நாம் நிறுவ முயன்றது இவ்வளவே: காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட நூல்கள் தம்முட் கலந்து பேசாமலே ஒத்த வழக்கினைக் காட்டுகின்றன, ஆதலின் அவ்வழக்கு புலவர் கற்பனை மட்டும் அன்று.

பொதுநிலத்தின் பிற்கால நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கின் அடித்தளம் மாறிற்று. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் 1882இல் சென்னை வனச் சட்டமும் வந்தன. காடு அரசின் ஒதுக்கிடமாயிற்று. வேட்டை உரிமம் பெற்றோர்க்குரியதாயிற்று. ஊரார் ஒருவரையொருவர் வினவிய இடத்தில் அலுவலரை வினவுதல் வந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் மான் வேட்டையை முற்றிலும் குற்றமாக்கின. நம் இலக்கியத்து இரலையாகிய வெளிமான், வல்லநாட்டில் 1987இல் அமைந்த சரணாலயம் போன்ற சில இடங்களிலேயே தமிழகத்தில் இன்று எஞ்சியுள்ளது. விலங்குகள் இவ்வளவு குறைந்துவிட்ட காலத்தில் அத்தடை தக்கதே. வேட்டையைப் புகழ்தல் நம் நோக்கமன்று. பிணையையும் மறியையும் விடுக என்ற பழைய நெறியை முழுமைக்கும் விரித்ததே இச்சட்டம் என்றும் கொள்ளலாம்.

மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரைப் பக்கத்துள்ள பரவையில் நின்று நோக்கினால் ஆற்றுக்கு அப்பால் நாகமலை நீண்டு கிடக்கும். ஊரும் சாலையும் சந்தையுமாகிவிட்ட இச்சமவெளியில் கலைமானை வினவுவார் இல்லை. ஆயினும் அவ்வொழுகலாறு வேறு வடிவிற் பிழைத்துள்ளது. கோயில்களில் நிகழும் பாரிவேட்டை விழாவில், தெய்வம் வேட்டைக்கு எழுந்தருளுகின்றது. விலங்கு மட்டும் இல்லை. மதுரை மாவட்டத்து ஊர்க் கண்மாய்களில் நடைபெறும் மீன்பிடித் திருவிழாவில் வழக்கு இன்னும் உயிரோடு உள்ளது. நீர் வற்றிய காலத்தில் ஊத்தா, வலை, கச்சா ஆகியவற்றோடு பல ஊரார் கரையில் வந்து கூடுவர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுமுன் எவரும் நீரில் இறங்கார். வீசியதும் அனைவரும் ஒருங்கே இறங்குவர். பிடித்த மீனை விற்காமல் வீட்டிற் சமைத்து உண்பதே வழக்கம். குறிஞ்சிப் புனத்தின் எல்லையில் மறுமொழிக்காக நின்ற தலைவனையும், கண்மாய்க் கரையில் துண்டு வீசப்படுவதற்காக நிற்கும் உழவரையும் ஒருசேர எண்ணிப் பார்த்தல் பொருத்தமுடையது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், முதல் அம்பின் உரிமை, பிறர் நிலத்தின் எல்லையில் வினவுதல், பிணையையும் மறியையும் விடுதல், பலர் காணக் கூறு செய்தல் என்னும் நான்கும் பொதுக்காட்டில் வேட்டையாடியோர் ஒழுகலாறாக இலக்கியத்தில் பதிந்துள்ளமை பெறப்படும். ‘கலைமான் வினாதல்’ என்னுந் துறை இவற்றின்மேல் எழுந்தது. தோழி தலைவனின் பொய்யை உணர்ந்து நகைக்கின்றாள் எனின், அவள் மெய்யான வினாவைப் பலமுறை கேட்டவள் என்பதே காரணம். புண்பட்ட மான் வந்திருந்தால் குருதியும் அடிச்சுவடும் புனத்திற் கிடந்திருக்கும். அவை இல்லாமையை அவள் முன்னரே அறிவாள்.

பொது என்றால் கேட்பாரற்றது என இன்று பலர் கருதுகின்றனர். நம் நூல்கள் காட்டும் பொது, கேட்டு நுகர்வது. மதுரை வட்டாரத்துக் கண்மாய், மேய்ச்சல் நிலம், காடு ஆகியவை பற்றிய வழக்குகளை அறிந்த முதியோர் இன்னும் ஊர்தோறும் உள்ளனர். முதுகலை மாணவர்கள் அவற்றையும் அவற்றுக்குரிய சொற்களையும் காலம் தாழ்த்தாது தொகுப்பாராயின், அகத்துறைகள் பலவற்றின் பொருள் மேலும் விளங்கும் என்பது நம் நம்பிக்கை.